பிரேக் பிடித்தால் மீட்டர் விளக்கு எரிகிறது: பின்விளக்கின் எர்த்தைத் தேடிப் பிடித்த அனுபவம்

வண்டி பழைய 100 சிசி பைக். 2017 ஏப்ரலுக்கு முன்பு வந்தது, அதனால் ஹெட்லைட்டை அணைக்கக் கைப்பிடியில் தனி சுவிட்ச் உண்டு. அந்த சுவிட்ச் இருந்தது பழுதைக் கண்டுபிடிக்க ரொம்பவே உதவியது, ஏன் என்று கீழே வருகிறது.

பிரச்சினை இதுதான்: பிரேக் பிடித்தால் பின்னால் பளிச்சென்று எரிய வேண்டிய விளக்கு, டெயில் லைட் அளவுக்குக்கூட இல்லாமல் மங்கலாகச் சிவக்கிறது, பகல் வெயிலில் சுத்தமாகத் தெரியாது. நான் தினமும் போவது தூத்துக்குடி - திருநெல்வேலி சாலை, துறைமுகத்துக்கு ஓடும் லாரிகள் பின்னாலேயே வரும், பிரேக் லைட் இல்லாமல் அந்தச் சாலையில் போவது எனக்குப் பயமாகவே இருந்தது. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் காட்டினேன். "பழைய வண்டி தம்பி, வயரிங் செட்டையே மாத்திருவோம்" என்றார். மொத்த வயரையும் மாற்றுவதற்கு முன்னால் பழுது எங்கே இருக்கிறது என்று நாமே பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் பல்பு. 12 வோல்ட் 21/5 வாட், ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை, 5 வாட் டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் வேறு வேறு உயரத்தில் இருக்கும், திருப்பிப் போட முடியாது. புதுப் பல்பு போட்டும் அதே மங்கல். ஆனால் பின்விளக்கின் மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சாவி போட்டு, ஹெட்லைட் சுவிட்சை அணைத்து வைத்து, பிரேக்கை மிதித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பிரேக்குக்கான பெரிய இழை கங்கு போல லேசாகச் சிவந்தது, கரண்டே வரக்கூடாத சின்ன இழை அதைவிட நன்றாக எரிந்தது! நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஸ்பீடோமீட்டர் விளக்கும் மினுக்கென்று எரிகிறது, காலை எடுத்தால் அணைகிறது.

இதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்த மாதிரிதான். இரண்டு இழைகளுக்கும் ஒரு முனை பொது, அது பல்பின் உடம்பு வழியாக ஹோல்டருக்குப் போய் எர்த் ஆகிறது, அதாவது பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிறது. எர்த் சரியில்லை என்றால் பெரிய இழை வழியாக வந்த கரண்டுக்கு வெளியே போக வழி இல்லை, அது சின்ன இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, டெயில் லைட் ஒயர் வழியாக முன்னால் ஓடி, மீட்டர் பல்புகளைத் தாண்டி அங்கே இருக்கும் எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய இழையின் தடை குறைவு, சின்ன இழையின் தடை அதிகம், அதனால் வோல்டேஜின் பெரும்பகுதி சின்ன இழைக்கே போய்விடும். ஹெட்லைட் சுவிட்சை அணைத்து வைத்திருந்ததால்தான் இதெல்லாம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, போட்டிருந்தால் சின்ன இழையும் மீட்டர் விளக்கும் எப்படியும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

சரி, எர்த் என்று தெரிந்துவிட்டது, எந்த இடத்தில்? இங்கேதான் நிறையப் பேர் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஹோல்டரையும் பேட்டரி மைனஸையும் தொட்டுவிட்டு "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். என் மீட்டரும் பீப் அடித்தது. ஆனால் ஓமில் வைத்து எண்ணைப் பார்த்தால் 18! சாதாரண மீட்டர்கள் பல 30, 50 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். 21 வாட் பல்பு முழுதாக எரிய 1.75 ஆம்பியர் வேண்டும், 18 ஓம் வழியாக 12 வோல்ட் தள்ளினால் மொத்தமே 0.7 ஆம்பியரைத் தாண்டாது. ஒரு நூலிழைச் செம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சந்தோஷமாகக் கத்தும், பல்பு எரியாது. எர்த்தைச் சோதிப்பதென்றால் பல்பு எரிய முயற்சி செய்துகொண்டிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

எப்படி என்றால், மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலேயே மாட்டிவிட வேண்டும், கடைசிவரை அதை எடுக்கக்கூடாது. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க (என் தங்கை மகன் மிதித்தான், பொறுமையான பையன்) சிவப்பு முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஹோல்டருக்குள் பிரேக் முனையில் 12.1 வந்தது, ஆக ஃபியூஸ், சாவி, பிரேக் சுவிட்ச் எல்லாம் சரி. ஹோல்டரின் உடம்பில் தொட்டால் 10-க்குப் பக்கத்தில். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். எர்த் என்று நாம் நம்பும் இடத்தில் 10 வோல்ட் நின்றால் பல்புக்கு மிஞ்சுவது 2 வோல்ட்தான்.

ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை ஒயர் எர்த், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக் லைட், பழுப்பு டெயில் லைட். எனவே பச்சையைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வந்தேன். பின் இண்டிகேட்டர்கள் இரண்டும் நன்றாக எரிந்தன, அவற்றின் எர்த்தும் சீட்டுக்கு அடியில் இதே பச்சையில்தான் வந்து சேருகிறது, அதனால் அந்தச் சேர்க்கையிலிருந்து பேட்டரி வரை பழுது இல்லை என்று புரிந்தது. மிச்சம் இருப்பது மட்கார்டுக்குள் ஓடும் ஒன்றரை அடி ஒயரும் ஒரு கப்ளரும் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) தான். கப்ளருக்கு விளக்குப் பக்கம் 10 வோல்ட், அடுத்த பக்கம் 0.05. கிடைத்துவிட்டது.

வெட்டிச் சரிசெய்வதற்கு முன்னால் உறுதிப்படுத்திக்கொள்ள பேட்டரி மைனஸிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து ஹோல்டர் உடம்பில் வைத்துப் பிடித்தேன், பிரேக் லைட் பளீரென்று எரிந்தது, மீட்டர் விளக்கு அணைந்தது.

கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சை ஒயரின் உலோகப் பின் முழுக்கக் களிம்பு. டயர் அடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் தெறிக்கும், எங்கள் ஊரில் உப்பளத்துக் காற்று வேறு. ஒயரின் மேல்தோல் புதுசு மாதிரி இருந்தது, சீவிப் பார்த்தால் செம்பு கறுத்துப் போயிருந்தது, வெளிச்சமான செம்பு வரும்வரை இரண்டு அங்குலத்துக்கு மேல் வெட்ட வேண்டியதாயிற்று. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, அதை உரசி ஒப்பேற்றுவதைவிட வெட்டிவிடுவதே மேல். அதே கனத்தில் ஒரு துண்டு ஒயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, புதுப் பின் வைத்து அழுத்தினேன். கப்ளருக்குள் கொஞ்சம் வாசலின் தடவி, தண்ணீர் தெறிக்காதபடி சீட்டுக்கு அடியில் மேலே தூக்கிக் கட்டிவிட்டேன். ஹோல்டரின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்தாயிற்று.

சிலர் ஹோல்டரிலிருந்து பக்கத்து போல்ட்டுக்கு ஒரு ஒயர் இழுத்து முடித்துவிடுகிறார்கள். வழியில் நின்றுவிட்டால் அது சரி, வீட்டில் நேரம் இருக்கும்போது செய்ய மாட்டேன், பெயிண்டும் துருவும் உள்ள போல்ட் அடுத்த மழைக்கு அதே கதையைத்தான் தரும்.

கையோடு பின் பிரேக் சுவிட்சையும் சரிபார்த்தேன். பெடலின் தளர்ச்சி தீர்ந்து, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே விளக்கு எரிய வேண்டும், இதில் கொஞ்சம் தாமதமாக எரிந்தது. சுவிட்சின் உடம்பைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும், உடம்பு சுற்றினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும்.

இப்போது பிரேக் மிதித்தபடி ஹோல்டர் உடம்பில் அளந்தால் 0.1 வோல்ட். ஒரு நல்ல மழையில் ஓட்டிவந்த பிறகும் அளந்தேன், அதே 0.1. அடுத்து ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் பச்சை ஒயர்களையும் இதே முறையில் அளக்கப்போகிறேன்.