ஆயில் சீல் மாற்றினால் மட்டும் போதாது

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு எப்போதும் எஞ்சினில்தான் தொடங்கும். என் வண்டி 1986 மாடல் டொயோட்டா லேண்ட் குரூசர், 60 சீரிஸ், 4 லிட்டர் டீசல். அதன் எஞ்சின் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்ததே இல்லை. ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் அதிகம் படுத்துக் கிடப்பது முன் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்கு அடியில்தான். குறிப்பாக, அதன் இரண்டு முனைகளிலும் இருக்கும், சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளுக்குப் பக்கத்தில்.

அந்த இடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். முன் ஆக்சில் ஒரே கெட்டியான குழாய். நடுவில் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி, அதாவது டிஃபரென்ஷியல், அதில் கியர் ஆயில். அங்கிருந்து இரண்டு பக்கமும், சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் போகிறது. குழாயின் முனையில் ஒரு பெரிய இரும்பு உருண்டை. அந்த உருண்டையைக் கவ்விக்கொண்டு நக்கிள் கூடு திரும்புகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது இதனால்தான். உருண்டைக்குள்ளே பர்ஃபீல்ட் மூட்டு. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் சுழற்சியைச் சீராகக் கடத்துவது அதன் வேலை. அது முழுக்க முழுக்க கிரீஸுக்குள் இருக்க வேண்டும்.

ஆக, ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கிரீஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ரப்பர் வளையம், உள் ஆக்சில் சீல். வெளிப்பக்கம் உருண்டையைத் துடைத்தபடி இருக்கும் ஃபெல்ட்டும் ரப்பர் வளையமும் சேற்றைத் தடுக்கின்றன. இந்த இரண்டு எல்லைகளும் ஒழுங்காக இருக்கும்வரை முன் ஆக்சில் உங்களைக் கைவிடாது.

உள் சீல் போய்விட்டால் என்ன ஆகும்? கியர் ஆயில் மெல்ல நக்கிளுக்குள் இறங்கும். கிரீஸ் இளகிக் குழம்பாகும். அந்தக் குழம்பு ஃபெல்ட்டைத் தாண்டி உருண்டை மேல் வழியும், சக்கரத்தின் உள்பக்கம் தெறிக்கும், விட்டுவிட்டால் பிரேக் டிஸ்க் வரைக்கும் வந்துவிடும். அந்தப் பக்கம் டிஃபரென்ஷியலில் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். உருண்டையின் மேல் ஃபெல்ட் விட்டுச்சென்ற மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் கவலை வேண்டாம், அது இருக்கத்தான் வேண்டும். சொட்டினால்தான் பிரச்சினை.

என் வண்டியில் இடது பக்கம் சொட்டியது. முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதே பக்கத்துக்குப் புது சீல் போட்டார்கள். சில மாதங்களில் பழையபடி சொட்ட ஆரம்பித்தது. சீல் தரமில்லை, வேறு கம்பெனி சீல் வாங்கிப் போடலாம் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புது சீல் அவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்றால் வேறெங்கோ ஒன்று அதைக் கெடுக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு சீல் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு நானே கழற்றினேன்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை டிஃபரென்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்ப்பது. முதலில் ஆயில் ஊற்றும் திருகை இளக்கி, அது திறக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடித்திருகில் கை வைக்க வேண்டும். ஆயிலை இறக்கிவிட்டு, மேல் திருகு துருவேறித் திறக்கவே மாட்டேன் என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இறங்கும் ஆயிலை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். கறுத்திருந்தால் வெறும் வயசு. காந்தத் திருகின் முனையில் மாவாக ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பொடி, தேய்மானத்தில் வருவது, பயப்பட வேண்டாம். செதில் செதிலாக, விரலில் குத்தும் அளவுக்கு வந்தால் பல் உடைந்திருக்கலாம், உள்ளே பார்த்தே ஆக வேண்டும். என் தட்டில் ஆயில் வெளிறி, பால் கலந்தது போல் இருந்தது. அது தண்ணீர்.

தண்ணீர் எப்படி வந்தது என்று தேடியபோதுதான் முதல் காரணம் கிடைத்தது. ஆக்சில் குழாயின் மேல் விரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் வழி, அதுதான் பிரீதர். நல்ல நிலையில் இருந்தால் விரலால் தொட்டாலே ஆடும், சுழலும். என்னுடையது சேறும் துருவும் சேர்ந்து குழாயோடு ஒட்டியே போயிருந்தது.

இவ்வளவு சின்ன மூடிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். வண்டி ஓடும்போது டிஃபரென்ஷியல் நன்றாகச் சூடாகும். 20 டிகிரியில் அடைபட்ட காற்று 80 டிகிரிக்குப் போனால் அழுத்தம் சுமார் 20 சதவீதம் கூடும். வெளியேற வழியில்லாவிட்டால் அது எளிதான இடத்தைத் தேடும். எளிதான இடம் எது? சீலின் உதடுதான், அதாவது ஷாஃப்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதன் ரப்பர் விளிம்பு. ஆயிலையும் தன்னோடு தள்ளிக்கொண்டு நக்கிளுக்குள் போய்விடும். இது கதையின் பாதி. மீதிப் பாதி ஓடையில் இறங்கும்போது நடக்கிறது. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது ஆக்சில் வெளியிலிருந்து உறிஞ்சும். ஆயில் சீலின் உதடு உள்ளிருக்கும் ஆயிலைத் தடுப்பதற்காக வளைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டியில்லை. அடைபடாத பிரீதரும்கூட முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் பல வண்டிகளில் அந்த மூடி காற்றை வெளியே விடும், உள்ளே விடாது.

இதற்குத் தீர்வு மிக எளிது. மூடியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு நிப்பிள் மாட்டி, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸைச் செருகி, எஞ்சின் அறையில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேல் முனையில் சின்ன பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகிவிட்டால் தூசி போகாது. சக்கரம் முழுதும் கீழே தொங்கும்போதும் ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும். சைலன்சர் பக்கம் போகக் கூடாது. நடுவில் எங்கேயும் தொய்ந்து பள்ளம் விழவும் கூடாது. அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கினால் மறுபடி அடைப்புதான். பின் ஆக்சில், கியர்பாக்ஸ், சுழற்சியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் இதையே செய்தேன். பெரிய டயர், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் இந்த ஹோஸைப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இப்போது நக்கிள். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிஷம்கூடக் கீழே போகக் கூடாது. பிரேக் டிஸ்கைக் கவ்வும் கேலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்; பிரேக் ஹோஸ் அந்தக் கனத்தைத் தாங்கக் கூடாது. சக்கரம் மாட்டும் ஹப்பை மூடியிருக்கும் பகுதியில் கூம்பு வடிவ வாஷர்கள் இருக்கும், அவை இறுகிப்போயிருக்கும். நட்டை முழுதும் கழற்றாமல் மரையின் முனைவரை கொண்டுவந்து நிறுத்தி, பித்தளைக் கட்டையால் தட்டினால் வாஷர் துள்ளி விலகும். நட்டு அங்கே இருப்பதால் மரையும் நசுங்காது, வாஷரும் எங்கோ பறந்து போகாது. உள்ளே இருக்கும் பெரிய நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து அந்த நட்டைத் தட்டித் திருப்புவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பேரிங் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் நட்டு அது, அதைக் குத்திக் காயப்படுத்தக் கூடாது. சாக்கெட் வாங்கிவிடுங்கள்.

நக்கிளைத் திறந்ததும் குழம்பு வடிந்தது. கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஷாஃப்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தேன். என் கண்ணுக்குப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் மெல்ல வருடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்க நகம் மாட்டுது" என்றாள். நானும் வருடினேன். ஆமாம், முடி அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும். பழைய சீலின் உதடும் அதில் சிக்கிய மணலும் சேர்ந்து இரும்பையே தேய்த்திருக்கின்றன. அந்த ஒர்க்‌ஷாப்பில் போட்ட புது சீல் சரியாக இந்தப் பள்ளத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. எந்தக் கம்பெனி சீல் போட்டிருந்தாலும் கசிந்திருக்கும்.

பள்ளம் ஆழமில்லை என்றால் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம், உதடு தேயாத இரும்பின் மேல் வரும். இடம் கொடுத்தால் மட்டும்தான் இது. ஆழமாக இருந்தால் மெல்லிய எஃகு உறை ஒன்றை அந்த இடத்தில் ஏற்றலாம், இல்லாவிட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். எனக்குத் தள்ளி வைப்பதற்கு இடம் இருந்தது. சீலை அடிக்கும்போது அதன் விளிம்புக்குச் சரியான அளவில் வட்டமான ஒன்றை வைத்து, நேராக, சமமாக அடிக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்த சீல் முதல் நாளே தோற்றுவிடும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு, ஷாஃப்டைச் செருகும்போது அதன் பற்கள் உதட்டில் உரசாதபடி கையால் தூக்கிப் பிடித்துச் செருகுங்கள்.

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாதது. நக்கிள் கூடு மேலும் கீழும் இரண்டு டிரன்னியன் பேரிங்குகளில் திரும்புகிறது. அவற்றைப் பிடிக்கும் மூடிகளுக்கு அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். அந்தத் தகடுகள்தான் கூட்டை ஆக்சிலின் மையத்தில் நிறுத்துகின்றன. கழற்றும்போது மேல் ஷிம், கீழ் ஷிம் கலந்துவிட்டால் கூடு மேலேயோ கீழேயோ நகரும், ஷாஃப்ட் சீலின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக அழுத்தும். சீல் ஒரு பக்கம் தேயும், மறுபக்கம் இடைவெளி விடும். அதனால் ஷிம்களை எடுத்தவுடனே மேல், கீழ், இடது, வலது என்று எழுதித் தனித்தனி உறையில் போட்டுவிட வேண்டும். பேரிங் மாற்றினால் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். என் பழைய டிரன்னியன் பேரிங்கில் குழிகள் விழுந்திருந்தன. சக்கரம் நேராக இருக்கும் நிலையில் உருளைகள் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அடிவாங்கியதால் வந்த குழிகள். ஸ்டீயரிங் நடுவில் லேசாகப் பிடிப்பது போல் இருந்ததற்கு விடை அங்கே கிடைத்தது.

பர்ஃபீல்ட் மூட்டு நல்ல நிலையில் இருந்தது. முழுதும் திருப்பி, ஃபோர் வீலில் மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அது தேய்ந்திருக்கிறது என்று பொருள். லேசான தேய்மானம் என்றால் இடது மூட்டை வலதுக்கும் வலது மூட்டை இடதுக்கும் மாற்றிப் போடுவார்கள். முன்னோக்கி ஓடும்போது சுமை தாங்கிய பக்கம் மாறுவதால் இன்னும் சில காலம் உழைக்கும். மூட்டைத்தான் மாற்ற வேண்டும், உள் ஷாஃப்டுகள் நீளத்தில் வேறுபடும்.

கிரீஸில் மட்டும் கைக்குக் கிடைத்ததைப் போடாதீர்கள். மூட்டுக்கும் நக்கிளுக்கும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ், சக்கர பேரிங்குக்குச் சூடு தாங்கும் லித்தியம் கிரீஸ். டப்பாக்களை மாற்றி எடுக்காமலிருக்க நான் மூடிகளில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மூட்டின் உள்ளே விரலால் அழுத்தி அழுத்தித் திணித்தால்தான் பந்துகளுக்குப் பின்னால் போகும். நக்கிளை விளிம்புவரை நிரப்ப வேண்டாம், சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 கியர் ஆயில் (முதலாவது ஆயிலின் தர வகை, இரண்டாவது அதன் கெட்டித்தன்மை). கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் முதலில் கையேட்டைப் பாருங்கள். பித்தளை வளையங்கள் உள்ள கியர்பாக்ஸில் சில ஜிஎல்-5 ஆயில்கள் அந்தப் பித்தளையை அரிக்கும்.

சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கையை (ஆர்ம்) நக்கிளோடு பிடித்திருக்கும் ஸ்டட்கள் (இரு முனையிலும் மரை உள்ள போல்ட்டுகள்) விஷயத்தில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளக் கூடாது. அவை இளகினால் ஸ்டீயரிங் போய்விடும். மரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாமல் துடைத்து, கூம்பு வாஷரைச் சரியாக உட்கார வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, நட்டிலிருந்து கூட்டுக்குக் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாட்டி முடித்ததும் நேராகக் காட்டுக்குள் போக வேண்டாம். பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, பெடல் கெட்டியான பிறகு மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் பேரிங்கை அதிகம் இறுக்கிவிட்டீர்கள், இல்லை பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் ஸ்டட்களையும் மறுபடி ரெஞ்சால் சோதியுங்கள், டிஃபரென்ஷியல் ஆயில் அளவையும் பாருங்கள். தண்ணீர் புகுந்த ஆக்சில் என்றால் கொஞ்ச நாளிலேயே அந்தப் புது ஆயிலையும் இறக்கிவிட்டு மறுபடி புதிதாக ஊற்றுங்கள். மூலைகளில் தங்கியிருந்த ஈரம் அதோடு வந்துவிடும்.