இயந்திர நடவு: நாற்றுப் பாயும் தொளியும் சரியாக அமைய

இயந்திரத்தில் நெல் நட்ட வயலில் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நடும் இரண்டு மூன்று நாற்று) விடுபட்டுக் கிடந்தால் எல்லோரும் இயந்திரத்தைத்தான் திட்டுவார்கள். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்து வயல்களில் கார், பிசானம் இரண்டு பருவத்துக்கும் செய்துபார்த்த வகையில், பழுது பெரும்பாலும் நாற்றுப் பாயில், அதாவது தட்டில் மெல்லிய மண்ணில் பாய்போல வளர்த்த நாற்றில் இருக்கும். இல்லையென்றால் தொளியில், அதாவது உழுது கலக்கிய வயல் சேற்றில் இருக்கும். இயந்திரம் வரப்புக்கு வரும்போது முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. கை நடவுக்கு விட்ட நாற்று 25 நாளிலும் போகும், ஆள் கிடைக்காவிட்டால் இன்னும் சில நாள் தாங்கும். பாய் நாற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 15 முதல் 18 நாளுக்குள், மூன்று நான்கு இலையோடு வயலுக்குப் போய்விட வேண்டும். இரண்டு செ.மீ. மண்ணில் அதற்கு மேல் அதற்குத் தீனி இல்லை. 20 செ.மீ. உயரம் தாண்டினால் தாள்கள் ஒன்றோடொன்று சிக்கி, ஒரு குத்தைப் பிய்க்கும்போது பக்கத்து நாற்றும் சேர்ந்து வரும்.

கார் பருவத்துக்குப் பாபநாசம் அணையின் இருப்பைப் பார்த்துத்தான் வாய்க்கால்களில் தண்ணீர் திறப்பார்கள். கோடைமேலழகியான் கால், நதியுண்ணி கால் தலைமடைக்காரர்கள் திறப்பு அறிவித்ததும் விதையை ஊறப் போடலாம். கடைமடையில் அப்படிச் செய்தால் நாற்று தயாராக நிற்கும், வயல் காய்ந்து கிடக்கும். தன் வாமடைக்கு (வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்க்கு)த் தண்ணீர் எப்போது எட்டும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரி. ஒரு ஏக்கருக்கான பாய்க்கு 15 சதுர மீட்டர் இடம் போதும். கிணறோ போரோ உள்ள வீட்டு மனையிலேயே விட்டுக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் முறையையும் விதை ஊறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். நான்கு வரிசை இயந்திரம், ஆள் பின்னால் நடந்து ஓட்டுவது, ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை ஏக்கர்தான் நடும். 20 ஏக்கருக்குக் கூட்டாகப் பேசிவிட்டு எல்லோரும் ஒரே நாளில் விதைத்தால், கடைசி வயலுக்கு முற்றின நாற்றுதான் மிஞ்சும். மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று தவணையாக விதைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வாடகை இயந்திரங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை உழவன் செயலி வழியாக அணுகலாம். நடவு நெருக்கத்தில் தனியாரிடமும் ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது.

இனி தட்டுக் கணக்கு. தட்டு 58 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். 30 × 15 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 90,000 குத்து வரும். இயந்திரம் குறுக்கே 20 தடவையும், நீளவாக்கில் செ.மீ.க்கு ஒரு தடவையும் பிய்த்தால் ஒரு தட்டில் 1,160 குத்து. கணக்குப்படி 78 தட்டு. ஓரம், மூலை, சேதாரம் சேர்த்து 90 தட்டு போடுங்கள். தட்டு ஒன்றுக்கு உலர் விதை 120 முதல் 130 கிராம். அம்பை 16 ரகம் குட்டைப் பருமன் நெல் என்பதால் இந்த அளவுக்குச் சதுர செ.மீ.க்கு மூன்று விதை விழும். மொத்தம் 12 கிலோ ஆகும், கைக்காவலாக இன்னும் இரண்டு கிலோ. கை நடவுக்கு 24 கிலோவுக்குக் குறையாமல் கொட்டிப் பழகியவர்களுக்கு இது நெஞ்சு பதறும். அதனாலேயே சிலர் தட்டுக்கு 200 கிராம் போட்டுவிடுகிறார்கள். நாற்று நூலாகப் போகும், குத்துக்கு ஆறேழு விழும், அத்தனையும் வீண்.

விதையைவிட முக்கியம் அது விழும் சீர். கையால் விசிறினால் நடுவில் குவியும், ஓரம் மொட்டையாகும். அந்த மொட்டை ஓரம்தான் வயலில் விடுபட்ட குத்தாக வந்து நிற்கும். விதையை இரண்டு பங்காக்கி, முதல் பங்கை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் தூவுங்கள். ஓரத்துக்கும் மூலைக்கும் தனியாக ஒரு சிட்டிகை.

விதையை உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் பதரை வழித்துவிட்டு நன்றாகக் கழுவி, 24 மணி நேரம் ஊறவைத்து, முளைகட்டச் சாக்கில் கட்டி மூட்டம் போட வேண்டும். நோய் தடுக்கும் நுண்ணுயிரான சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம் கலப்பது வழக்கம். முளை வெள்ளையாக மூக்கு நீட்டியதும் எடுத்துவிடுங்கள். அரை அங்குலம் வளரவிட்டால் முளைகள் சிக்கிக்கொள்ளும், தூவும்போது ஒடியும். மூட்டத்தை மறந்து ஊருக்குப் போய்வந்தவர்கள் இங்கே நிறைய உண்டு.

தட்டில் நிரப்பும் கலவைக்கு மண் 7 பங்கு, நன்கு மக்கின தொழுவுரம் 2 பங்கு, உமி 1 பங்கு. 90 தட்டுக்கு 300 லிட்டர் கலவை வேண்டும். சிமெண்ட் சாக்கில் ஒன்பது மூட்டை. கல் சல்லடையில் மாட்டாமல் போனால் நாற்றைப் பிய்க்கும் விரலை வளைக்கும். ஓட்டுநர்கள் அதை ஃபிங்கர் என்பார்கள். ஒன்று வளைந்தாலும் அந்த வரிசை முழுக்க ஓட்டையாகத்தான் நடும். 5 மி.மீ. கண் சல்லடை போதும். பொடித்த டி.ஏ.பி. உரம் மொத்தக் கலவைக்கும் 100 கிராம், அதற்கு மேல் போனால் நுனி கருகும். மக்காத சாணி சேர்ந்தால் மண் சூடேறிப் பூஞ்சணம் கட்டும்.

தட்டு இல்லாதவர்கள் பாலித்தீன் தாளில் சட்டம் வைத்து விடலாம், வேர் தாளைத் தாண்டிக் கீழே இறங்காது. எடுக்கும்போது 28 செ.மீ. அகலத்துக்கு அளந்து வெட்ட வேண்டும். ஒரு செ.மீ. கூடினால் இயந்திரத்தின் நாற்றுத் தாங்கியில் இறுகி, சறுக்காது. குறைந்தால் ஒரு பக்கமாக ஆடும். இரண்டுமே குத்தை விடும்.

முதல் ஐந்து நாள் பூவாளியால் காலை மாலை. குடத்தைச் சாய்த்தால் விதை ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பிசானத்தில் ஐப்பசி மழை இதே வேலையைச் செய்யும். மேலே வலையோ வைக்கோலோ போட்டு, பச்சை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். மேகமூட்டத்தில் வளர்ச்சி மந்தம் என்பதால் பிசானத்தில் இரண்டு நாள் கூட்டிக் கணக்கு வைக்கலாம். வெளிறினால் லிட்டருக்கு 5 கிராம் யூரியா தெளிப்பு ஒருமுறை. எடுப்பதற்கு முந்தின நாள் தண்ணீரை வடிய விடுங்கள். பாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், நீர் கசியக் கூடாது. கசிந்தால் பாரத்தில் சரிந்து அடியில் குவியும். காய்ந்திருந்தால் இறங்காமல் ஒட்டி நிற்கும்.

தொளிக்கு வருவோம். போன அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடத்தை முதலில் தேடி மூடுங்கள். தடத்துக்குள் சக்கரம் இறங்கினால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மிதந்தும் நடும். கேஜ் வீல் (டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம்) உழவு ஆழமாகப் போகப் போக நல்லது என்ற எண்ணம் கை நடவோடு சரி. நடவு இயந்திரத்துக்கு அடியில் கெட்டித் தரை வேண்டும், அதற்கு மேல் 15 செ.மீ. தொளி போதும். போன பயிரின் தாள் கட்டை மேலே மிதக்காமல் அமிழ்த்தி, பரம்பு மரம் அடித்து மட்டப்படுத்தி, வண்டல் மண்ணில் ஒரு நாளும் களிமண்ணில் இரண்டு மூன்று நாளும் தெளிய விடுங்கள். விரலால் கோடு இழுத்தால் கோடு மெல்ல மூட வேண்டும். உடனே மூடினால் நட்ட நாற்று அலையில் சாயும். மூடாமலே நின்றால் குழி திறந்து நாற்று மிதக்கும். நடும் அன்று தண்ணீர் இரண்டு செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

இயந்திரத்தில் பார்க்க மூன்று: ஆழம் (2 முதல் 3 செ.மீ.), பிய்க்கும் அளவு, குத்து இடைவெளி. முதல் பத்து மீட்டர் நட்டதும் நிறுத்தச் சொல்லி எண்ணுங்கள். குத்துக்கு இரண்டு மூன்று நாற்று இருந்தால் ஓட்டலாம். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விடுபட்டால் அங்கேயே சரிசெய்ய வேண்டும். ஓட்டுநர் அவசரப்படுவார், விடக் கூடாது. சுற்றி ஒரு நடை அகலம், 1.2 மீட்டர், கடைசியில் நடுவதற்கு விட்டுவைக்கவும். நம் பக்கத்துக் கோணல் வயல்களில் மூலைகளை ஆள் வைத்துத்தான் நட வேண்டும். அதற்கும் பின்னர் நிரப்பவும் நான்கைந்து தட்டு மிச்சம் வையுங்கள். ஒற்றைக் குத்து விடுபட்டால் பக்கத்துத் தூர் கட்டி மூடிவிடும். அடுத்தடுத்து இரண்டு விடுபட்ட இடத்தை மட்டும் ஒரு வாரத்துக்குள் நிரப்பினால் போதும்.

முதல் இரண்டு வாரம் வயல் வெறிச்சென்றுதான் கிடக்கும். “என்ன அண்ணாச்சி, நட்டியளா, இல்ல தெளிச்சிட்டுப் போயிட்டியளா?” என்று வரப்பில் போகிறவர் கேட்பார். அதற்காக யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். 30 செ.மீ. இடைவெளியில் வெயில் தரையில் விழுவதால் களை சீக்கிரம் முளைக்கும். 10, 12 நாளில் கோனோவீடரை (வரிசை நடுவே தள்ளி ஓட்டும் களைக்கருவி) ஒரு தடவை ஓட்டி, பத்து நாள் கழித்து மறுபடி ஓட்டினால் களையும் அமுங்கும், தூரும் கட்டும்.