கொடைக் கணக்கும் லினக்ஸும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது இன்டெல்லின் நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், ரேம் 4 ஜிபி. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இரண்டுமே எங்கள் பெட்டியில் கிடையாது. பாதுகாப்பு அப்டேட்டை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக்க வழி உண்டு, ஆனால் அதுவும் 2026 அக்டோபரோடு சரி. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். "புதுசு வாங்கிருங்க அண்ணாச்சி, இதுல போய் காசு போடாதீங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். ஒரு பாகம்கூடக் கெடாமல் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்) மட்டும் வாங்கிக்கொண்டு செங்கோட்டை பாசஞ்சரில் வீரவநல்லூருக்குத் திரும்பினேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

இந்தக் கணினியை வீட்டில் அதிகம் பயன்படுத்துவது அப்பா. எங்கள் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வருஷக்கணக்காக அவர்தான் கணக்கு. தலைக்கட்டுப் பட்டியல் (வரி கட்டும் குடும்பங்களின் பட்டியல்), யார் கொடை வரி கட்டினார்கள், யார் பாக்கி, வெளியூரில் இருப்பவர்களின் போன் நம்பர், வரி ரசீது, கால்நாட்டிலிருந்து சாமக்கொடை வரைக்கும் நிகழ்ச்சி நிரல் போட்ட நோட்டீஸ் என்று எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. "கொடை முடியிற வரைக்கும் பழசத் தொடாதல" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். அதனால் பழைய ஹார்டு டிஸ்கை விண்டோஸோடு அப்படியே விட்டுவிட்டு, புது எஸ்எஸ்டியில் லினக்ஸைப் போட்டேன்.

நம் பக்கத்துக்கு லினக்ஸ் முற்றிலும் புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. திறந்ததும் எதற்குள் போகவேண்டும் என்று கேட்கும். என் சித்தி மகளுக்கும் அப்படி ஒன்று வந்தது. அந்த லினக்ஸை வைத்து என்ன செய்யலாம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கடையில் கொடுத்து லினக்ஸை அழித்துவிட்டு வந்தாள். கைக்கு வந்த நல்ல வாய்ப்பு அப்படிப் போனதே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

லினக்ஸில் பல வகை உண்டு. நான் எடுத்தது லினக்ஸ் மின்ட், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ரேமுக்கு அதுதான் தோது. மின்ட் 22, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. பென் டிரைவில் ஏற்றி, எஃப்12 அழுத்தி, அதிலிருந்தே திறந்து பார்த்து, பிறகு எஸ்எஸ்டியில் நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் இணையம். ரவுட்டர் முன்னறையில், கணினி பின்கட்டில். அதற்காக முன்பே ஒரு சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கியிருந்தோம். மின்டில் அதைச் செருகினால் வைஃபை வரவில்லை. பதிலுக்கு முகப்பில் ஒரு சிடி படம் வந்து நின்றது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான இன்ஸ்டால் கோப்பு. இந்த வகை டாங்கிள்கள் செருகியதும் முதலில் தன்னை ஒரு சிடி டிரைவ் என்றுதான் காட்டிக்கொள்ளும், தன்னை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தன்னோடு சுமந்துவர அப்படி ஒரு ஏற்பாடு. அந்தச் சிடி படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்ததும், சில நொடிகளில் டாங்கிள் உருமாறி வைஃபை பட்டியல் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எஜெக்ட் கொடுக்க முடியாது என்பதால் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரலைப் போட்டு அதைத் தானாக நடக்கவைத்தேன். அதுவரைக்கும் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் 'டெதரிங்' போட்டுத்தான் ஓட்டினேன். அது எந்த டிரைவரும் கேட்காமல் உடனே வேலை செய்தது. லினக்ஸ் போட நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல நேரத்தில் கைகொடுக்கும்.

அடுத்தது நேரம். அப்பா ராத்திரி எட்டு மணிக்கு விண்டோஸுக்குள் போய் ஒரு வரி ரசீது போட்டார். ரசீதில் மதியம் 2.30 என்று இருக்கிறது. "ஏல, ஊர்க்காரன் என்னைத்தான கேப்பான்" என்று வருத்தப்பட்டார். வரி ரசீது என்பது ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய தாள், அதில் நேரம் தப்பாக இருக்கக் கூடாது. காரணம் இதுதான்: மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். லினக்ஸ் எழுதிவைத்ததை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டால் சரியாக ஐந்தரை மணி பின்னால் போகும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

அப்புறம், பழைய டிஸ்கில் இருக்கும் கோப்புகளைத் திறக்க முடிந்ததே தவிர, திருத்திச் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் டிஸ்கில் கைவைத்தால் தரவு கெட்டுப்போகலாம் என்று லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. பவர் ஆப்ஷனில் போய் அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. லினக்ஸ் இங்கே நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் கணக்கை அது காப்பாற்றத்தான் செய்தது.

பிரிண்டர்தான் என்னை ரொம்பவும் படுத்தியது. வீட்டில் இருப்பது பழைய கறுப்பு வெள்ளை லேசர். மின்ட் அதைப் பார்த்ததும் பெயரைச் சரியாகச் சொன்னது, பட்டியலில் சேர்த்துக்கொண்டது, பிரிண்ட் கொடுத்தால் 'முடிந்தது' என்றும் காட்டியது. தாள் மட்டும் வரவில்லை. இந்த மாதிரி பிரிண்டர்கள் தன்னை இயக்கும் மென்பொருளைத் தன்னுள் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் போட்டதும் கணினிதான் அதை அனுப்பிவைக்க வேண்டும். விண்டோஸில் டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். லினக்ஸில் அந்தக் கோப்பு மட்டும் திறமூலம் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) இல்லை என்பதால் மின்டோடு சேர்ந்து வராது, தனியாகப் பதிவிறக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு தாள் வந்தது. கரண்ட் போய் வந்தால் சில சமயம் மறுபடி ஊமையாகிவிடும். அப்போது யூஎஸ்பி வயரைக் கழற்றி மாட்டினால் போதும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்படி என்று சொல்லவேண்டியதில்லை.

இதெல்லாம் முடிந்து ஒருநாள் அப்பாவை உட்காரவைத்தேன். தலைக்கட்டுப் பட்டியலைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்ல. எழுத்த எங்க?" என்றார்.

திரை முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்துமாகக் கலந்து கிடந்தது. புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. அவர் இத்தனை வருஷமும் தட்டியது பாமினி எழுத்துருவில். பாமினியில் உண்மையில் தமிழ் எழுத்து எதுவும் சேமிக்கப்படுவதில்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை. பாமினி கோப்பை எடுத்து மின்டின் எழுத்துரு அடைவில் போட்டதும் எல்லாம் பழையபடி தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பட்டியல் எந்தப் போனிலும் திறக்காது, ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. ஊரின் கணக்கு ஒரே ஒரு எழுத்துருக் கோப்பை நம்பி இருக்கிறது என்பது எனக்குப் பயமாக இருந்தது. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று இறங்கினேன்.

தட்டுவதில் பிரச்சினை வரவில்லை. அப்பா சின்ன வயதில் அம்பாசமுத்திரத்தில் இன்ஸ்டிடியூட் போய் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர். லினக்ஸில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு என்ற விசைப்பலகை முறைகள் எல்லாவற்றோடும் பழைய தட்டச்சு விசைப்பலகையும் கிடைக்கிறது. அவர் விரல் போன இடத்தில் எழுத்து வந்தது.

பழைய கோப்புகளை மாற்றுவதுதான் உண்மையான வேலை. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வந்திருந்தான். ஓப்பன் தமிழ் என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான நூலகத்தில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) பாமினியை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. அதை வைத்து அவன் ஒரு சின்ன நிரல் எழுதினான். பாமினியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. அந்த இடமாற்றமெல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் பெயர்களின் முன்னால் பார்த்தால், எஸ். முருகன் 'ளு. முருகன்' ஆகியிருந்தார். கே. இசக்கி 'மு. இசக்கி'. அப்பா இனிஷியலை மட்டும் ஆங்கில எழுத்துருவில் தட்டியிருக்கிறார். எழுத்துரு எது என்று பார்க்காத நிரலுக்கு எல்லாமே பாமினிதான்.

"மாமா, தொடக்கத்துல ஒரு எழுத்தும் புள்ளியும் வந்தா அத மட்டும் மாத்தாம விட்டுரலாம்" என்றான். சரி என்று அப்படியும் செய்து பார்த்தோம். இப்போது வேறு சிலரின் இனிஷியல் போய்விட்டது. ஏனென்றால் பாதிப் பேருக்கு அப்பா தமிழிலேயே இனிஷியல் போட்டிருக்கிறார். பாமினியில் 'சு' என்பதன் உள்ளே இருப்பது ஆங்கில ஆர். ஆக, ராமசாமி மகனின் ஆரும், சுடலைமுத்து மகனின் சுவும் கோப்புக்குள் ஒரே எழுத்துதான். நிரல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அந்த எழுத்தை மட்டும் பார்த்து இது யார் மகன் என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல அக்கா மகன் திருத்தினான். "இவன் ஆர்தான், ராமசாமி மகன், இப்ப தூத்துக்குடில இருக்கான். அடுத்தது சு. அவங்க அப்பா பேரு சுடலைமுத்து. அவர் போய்ச் சேந்துட்டாரு, இனி தலைக்கட்டு மகன் பேருக்கு." இப்படியே தெருத்தெருவாகப் போனது. நடுவில் ஒரே ஆள் பெயர் இரண்டு இடத்தில் இருப்பதும் தெரியவந்தது, ஒரு வருஷம் இரட்டை வரி வாங்கியிருக்கிறோமோ என்று அப்பா பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட வந்தார்.

இது மட்டும் யாராவது முன்னாடியே தமிழில் எழுதிவைத்திருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும். டாங்கிள், பிரிண்டர், கடிகாரம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் கொட்டிக்கிடக்கிறது. பாமினியில் கலந்து கிடக்கும் ஆங்கில இனிஷியலுக்கு யார் எழுதுவார்கள்? நம் பக்கத்தில் கோயில் கணக்கு, சங்கக் கணக்கு, கல்யாண மொய்க் கணக்கு என்று எத்தனை வீட்டில் இப்படி இருக்கும். அதை உத்தேசித்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மாற்றுகிறவர்கள் மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு மாற்றுங்கள், பெயர் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நோட்டீஸ். எம்எஸ் ஆபீஸ் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸில் யூனிகோடில் அப்பாவே தட்டினார். பால்குடம், மதியக்கொடை, வில்லிசை, சாமக்கொடை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. அச்சகத்துக்கு அனுப்பினால், "எங்களுக்குப் பழைய ஃபாண்ட்லயே அனுப்புங்க அண்ணாச்சி" என்று போன் வருகிறது. அவர்களிடம் இருப்பது பேஜ்மேக்கர், அச்சுப் பக்கம் வடிவமைக்க உதவும், 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். அது யூனிகோட் தமிழை எடுக்காது. மறுபடியும் பாமினிக்கு மாற்றுவதா என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் மாற்றவில்லை. லிப்ரே ஆபீஸிலிருந்து பிடிஎஃப் எடுத்தேன். அதில் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடும், அவர்களிடம் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஒரு தாள் பிரிண்ட் போட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். பார்த்துவிட்டு, அப்படியே அடித்துத் தருகிறோம் என்றார்கள்.

நன்கொடைக் கணக்கு மட்டும் இன்னும் பாமினியில்தான் இருக்கிறது. அதில் வெளியூர் ஆட்களின் முகவரியும் ஆங்கிலத்தில் கலந்து கிடக்கிறது. கொடை முடிந்ததும் அதை எடுப்போம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை பழைய டிஸ்க் கழறாது.