180 நாள் கணக்கு: கஞ்சா வழக்கில் டீஃபால்ட் பெயில் வாங்கிய அனுபவம்

எஃப்.ஐ.ஆரில் வணிக அளவு என்று எழுதிவிட்டார்கள் என்றால், வழக்கமான ஜாமீன் மனுவை நம்பி மாதங்களைக் கரைக்காதீர்கள். உறவினர் ஒருவரின் 22 கிலோ கஞ்சா வழக்குக்காகக் கோர்ட்டுக்கும் சிறைக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அவரை வெளியே கொண்டுவந்தது யாருடைய வாதத் திறமையும் இல்லை, காலண்டர்தான். அந்தக் காலண்டரையே கோர்ட் கவுண்டரில் தப்பாக எண்ணினார்கள். அந்தக் கொடுமையைப் பிறகு சொல்கிறேன்.

என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எல்லாமே எடைதான். கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை. நடுவில் உள்ளதற்கு 10 ஆண்டு வரை கொடுக்கலாம், ஆனால் கீழ் வரம்பு கிடையாது. இந்தக் கீழ் வரம்புதான் ஆளைக் கொல்வது. முதல் குற்றம், சின்ன வயது, வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம் என்று என்ன சொன்னாலும், குற்றம் நிரூபணமானால் நீதிபதி 10க்குக் கீழே இறங்க முடியாது. அந்தக் காரணங்கள் 10க்கும் 20க்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு மட்டும் உதவும்.

அதனால் மகஜர் (பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவு) நகல் கையில் வந்ததும் முதலில் எடையைப் பாருங்கள். "20 கிலோவுக்கு மேல்" என்றுதான் சட்டம் சொல்கிறது. சரியாக 20 கிலோ என்றால் வணிக அளவு ஆகாது. சாக்கோடு எடை போட்டார்களா, சாக்கு இல்லாமலா? சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராத விதையும் இலையும் அதில் வராது. எங்கள் மகஜரில் மூட்டையோடு எடுத்த எடை மட்டும்தான் இருந்தது. ஜாமீன் கட்டத்தில் இதை யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. விசாரணையில் குறுக்கு விசாரணைக்கு இதுதான் முதல் கேள்வி. இதை வைத்துக்கொண்டு ஹெராயின் வழக்கில் கணக்குப் போடாதீர்கள். அங்கே கலப்படப் பொருளையும் சேர்த்து மொத்த எடைதான் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

முதலில் அமர்த்திய வக்கீல், "ரெண்டு மாசத்துல பெயில்" என்று சொல்லி ஃபீஸ் வாங்கினார். பிரிவு 37 பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வணிக அளவு வழக்கில் அரசு வக்கீல் எதிர்த்தால், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே போனாலும் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். குற்றப்பத்திரிகையே வராத நிலையில் இதை எப்படிக் காட்டுவது? மனு தள்ளுபடி. பணம் போனதைக்கூட விடுங்கள், "முகாந்திரம் உள்ளது" என்று அந்த உத்தரவில் எழுதிய வரியை அரசுத் தரப்பு அடுத்தடுத்த மனுக்களில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தது.

இப்போது நாள் கணக்கு. வணிக அளவு வழக்கில் பிரிவு 36ஏ(4)படி 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை, இதுதான் டீஃபால்ட் பெயில்; அங்கே பிரிவு 37 குறுக்கே வராது. நடுத்தர அளவு என்றால் 60 நாள்தான். 8 கிலோ, 10 கிலோ வழக்குக்காரர்கள் பலர் தங்களுக்கும் 180 என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: பணம் போட்டுக் கடத்தலை நடத்தியதாகப் பிரிவு 27ஏ சேர்த்திருந்தால், எடை குறைவாக இருந்தாலும் 180 நாளும் பிரிவு 37உம் சேர்ந்தே வரும். ரிமாண்டுக்குப் பிறகு பிரிவு மாற்றி அறிக்கை போட்டிருக்கிறார்களா என்று அவ்வப்போது பாருங்கள்.

எண்ண வேண்டியது கைதான நாளிலிருந்து இல்லை, முதல் ரிமாண்ட் (நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்ட) தேதியிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கிவிட்டது. லீப் ஆண்டு இல்லாத வருடத்தில் ஜனவரி 1 ரிமாண்ட் என்றால் ஜூன் 29 கடைசி நாள். ஜூன் 30 காலை கோர்ட் திறக்கும்போது மனு உள்ளே இருக்க வேண்டும். கடைசி நாள் விடுமுறையில் வந்தாலும் போலீசுக்குக் கூடுதல் நாள் கிடையாது.

கவுண்டரில் நடந்தது இதுதான். முதல் ரிமாண்ட் செய்தது உள்ளூர் மாஜிஸ்திரேட். வழக்குக் கட்டு பிறகுதான் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சிறப்பு நீதிமன்றத்துக்குக் கட்டு வந்த தேதியிலிருந்து எண்ணிவிட்டு, "இன்னும் நாள் இருக்கு, அப்புறம் வாங்க" என்று கவுண்டர் ஊழியர் மனுவைத் தள்ளிவிட்டார். மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவைக் காட்டினால், "அது வேற கோர்ட் சார்" என்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் குற்றப்பத்திரிகை வந்திருந்தால் அத்தனையும் பாழ். இரண்டாவதாக அமர்த்திய வக்கீல் விவரம் தெரிந்தவர். கவுண்டரில் சண்டை போடாமல் முதலில் இ-ஃபைலிங்கில் மனுவை ஏற்றினார். தேதியும் நேரமும் போட்ட ஒப்புகை கைக்கு வந்தது. அதையும் ரிமாண்ட் உத்தரவின் சான்றிட்ட நகலையும் வைத்து நீதிபதி முன்னிலையில் வாய்மொழியாக முறையிட்டார். மனுவுக்கு நம்பர் ஆனது.

அந்த நேர முத்திரை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சென்னையில் தொடங்கிய எம்.ரவீந்திரன் எதிர் டி.ஆர்.ஐ. (வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம்) வழக்கு. அதில் காலை 10.30க்கு ஜாமீன் மனு போட்டார்கள். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மாலை 4.25க்குக் கூடுதல் புகார் (அங்கே குற்றப்பத்திரிகை போன்றது) தாக்கலானது. விசாரணை நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காலையில் மனு போட்டபோதே உரிமை பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. மனுவில் "நீதிமன்றம் விதிக்கும் ஜாமீனை அளிக்கத் தயாராக உள்ளேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். முன்கூட்டியே போட்ட மனுவும் உதவாது, ஒருநாள் தாமதித்த மனுவும் உதவாமல் போகலாம்.

150ஆம் நாளிலிருந்து, வழக்கு விவரம் பார்க்கும் இகோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே இருங்கள். 180 நாளை ஓராண்டு வரை நீட்டிக்க அரசு வக்கீல் கேட்கலாம். புலன் விசாரணை எவ்வளவு முடிந்தது, இன்னும் ஏன் காவல் தேவை என்று அவரே அறிக்கையில் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரியின் கடிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் எதிர்க்கலாம். நீட்டிப்பு பற்றி முடிவெடுக்கும்போது கைதியை நேரிலோ வீடியோவிலோ ஆஜர்படுத்தாமல் உத்தரவு போட்டாலும் செல்லாது. 2022இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உத்தரவு வந்தது, ஷூரிட்டியில் மாட்டிக்கொண்டோம். ஜாமீன்தாரர் இருவரில் ஒருவரின் வீட்டு வரி ரசீது இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது. ரிட்டர்ன். குற்றப்பத்திரிகை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலையில் இந்தத் தாமதம் ஆபத்து. உத்தரவுப்படி நாம் ஷூரிட்டி கொடுக்காமல் இருக்கும்போது குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை கையை விட்டுப் போகும். 170ஆம் நாளிலேயே இருவருக்குப் பதிலாக மூவரைத் தயார் செய்து, ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். டீஃபால்ட் பெயிலுக்குப் பணம் டெபாசிட் கட்டச் சொல்லி நிபந்தனை போட்டால் அதை எதிர்க்கலாம். அப்படிப்பட்ட நிபந்தனையை 2020இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது. சிறை வாசலில் இன்னொரு சிக்கல் வரும்: ரிமாண்ட் வாரண்டில் உள்ள "என்கிற" பெயரும் இனிஷியலும் விடுதலை உத்தரவில் அப்படியே இருக்க வேண்டும். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையிலிருந்து அந்த வழக்கு கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

இதற்கெல்லாம் மேலே குண்டர் சட்டம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டமான அதில் போதைப்பொருள் குற்றவாளி என்று தனி வகையே உண்டு. ஜாமீன் மனு நிலுவையில் இருக்கிறது, வெளியே வரக்கூடும் என்று காட்டி 12 மாதம் வரை தடுப்புக்காவல் போடலாம். போட்டால் டீஃபால்ட் பெயில் இருந்தும் ஆள் உள்ளேதான். எங்களுக்கு வரவில்லை. வந்தவர்கள் செய்ய வேண்டியது: ஐந்து நாளுக்குள் காரணங்களும் ஆவணத் தொகுப்பும் கைதிக்குக் கிடைத்ததா பாருங்கள்; தொகுப்பில் படிக்க முடியாத பக்கம், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத ஆவணம், சம்பந்தமில்லாத வழக்கின் ஜாமீன் உத்தரவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்; அரசுக்கு உடனே முறையீடு அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்கக் காரணமில்லாமல் தாமதித்தால், அதுவே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்குப் பலமான காரணம்.

விசாரணைக்கான வேலையையும் உள்ளே இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். பாதுகாக்கச் சொல்லி மனு முதல் மாதத்திலேயே போக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பிடித்த வழக்கு என்றால், சோதனையை வீடியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 105 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குக்குப் பிறகு பிரிவு 67 வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது. பிரிவு 50ஐத்தான் பலரும் தப்பாக நம்புகிறார்கள். மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன் சோதனை கேட்கும் உரிமை உடல் சோதனைக்கு மட்டும். பையிலோ கார் டிக்கியிலோ எடுத்ததற்கு அது உதவாது. பிரிவு 52ஏபடி மாஜிஸ்திரேட் முன்னிலையில் சாம்பிள் எடுக்காததும் முக்கியமான ஓட்டைதான், ஆனால் அது ஒன்றே விடுதலைக்குப் போதாது என்று 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு இருக்கிறது. கஞ்சா சாம்பிள் 24 கிராம், இரண்டு செட். மகஜர், ஆய்வக அறிக்கை, கோர்ட்டின் சொத்துப் பதிவேடு மூன்றிலும் எடையும் சீல் விவரமும் ஒத்துப்போகிறதா என்று அருகருகே வைத்துப் பாருங்கள்.

இப்போது தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. ரெஜிஸ்டர் கிடைக்கவில்லை, ரைட்டர் வெளியே போயிருக்கிறார் என்று திருப்பி அனுப்புகிற நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ஸ்டேஷன் வாசலில் இருந்தே வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, அன்றே இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலும் போட்டுவிடுகிறோம். நிபந்தனையை மீறினார் என்று ஜாமீனை ரத்து செய்யக் கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தபால் ரசீதுகள் ஒரு கவரில் இருக்கின்றன.