மூலையில் இருக்கும் அந்த வட்டம்

புதிதாக எந்தப் பெரிய பட்ஜெட் கேம் கைக்கு வந்தாலும் நான் முதலில் நுழைவது செட்டிங்ஸில்தான். வேகமாகத் திரும்பினால் படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளர் வேண்டாம். கேமரா குலுங்குவது வேண்டாம், தலை சுற்றுகிறது. சப்டைட்டில் எழுத்து இருப்பதிலேயே பெரியது. கண்ணாடி போட்டும் சோஃபாவிலிருந்து படிக்க முடியாத எழுத்தை வைக்கிறவர்கள் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் கேம் செய்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அப்புறம் கடைசியாக, திரையின் மூலையில் வழி காட்டும் அந்தச் சின்ன வட்ட வரைபடம், மினிமேப், ஆஃப்.

இந்தக் கடைசி வேலையில்தான் என் அக்கா பையனுக்கும் எனக்கும் ஒத்துப்போவதில்லை. "வழி காட்டறதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்காங்க சித்தி. அதை அணைச்சிட்டு, வழி தெரியலைன்னு சுத்திட்டு இருக்கீங்க" என்பான். அவன் ஒரு கேமை முடிக்கிற நேரத்தில் நான் இரண்டாவது ஊரைத் தாண்டியிருக்க மாட்டேன். அவனுக்கு முடிப்பதுதான் கணக்கு. எனக்கு வேலையெல்லாம் முடிந்து ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கிடைப்பது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தை ஒரு வட்டத்தைப் பார்த்தே கழிப்பானேன் என்பது என் கட்சி.

இது தொடங்கியது 'விட்சர் 3' விளையாடியபோது. 2015இல் வந்த கேம், நான் தாமதமாகத்தான் தொட்டேன். அதில் வேலன் என்று ஒரு பிரதேசம். சதுப்பு நிலம், போர் தின்று துப்பிய கிராமங்கள், மரத்தில் தொங்கும் பிணங்கள். எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் மினிமேப்பில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு விழும். எறும்பு மாதிரி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே குதிரையை ஓட்டினேன். ஒரு வாரம் கழித்து யாரோ வேலன் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கும். மேலே வானம் என்ன நிறம், வலது பக்கம் ஆறா காடா, ஒன்றும் சொல்லத் தெரியாது.

இதில் பணம் எவ்வளவு போகிறது என்று யோசித்தால் இன்னும் வயிற்றெரிச்சல். பொதுவாகக் கம்பெனிகள் இதை வெளியே சொல்வதில்லை. 2023இல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை வாங்குவது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில் சோனி தரப்பு ஆவணம் ஒன்று வெளியானது. ரகசிய எண்களை மார்க்கர் பேனாவால் கறுப்படித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் கறுப்பு மையின் அடியில் இருந்ததெல்லாம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'க்கு ஆன செலவு 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்கு 21 கோடியே 20 லட்சம். பின்னதில் 300 பேர் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு புல்லையும் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். நாமோ திரையின் மூலையில் இருக்கும் உள்ளங்கை அளவு வட்டத்தைப் பார்த்தபடி அதையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிறோம்.

சரி என்று விட்சரில் மேப்பை அணைத்தேன். உடனே முட்டுச்சந்து. வேலை கொடுக்கிற ஆள் பல நேரம் "அந்தப் பொண்ணைக் கண்டுபிடி" என்பாரே தவிர, எந்தப் பக்கம் போனாள் என்று வாயைத் திறக்க மாட்டார். கோடு காட்டிவிடும் என்ற நம்பிக்கையில் வசனம் எழுதப்பட்டிருக்கிறது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்'மும் இதே ரகம். அதே வரிசையில் 2002இல் வந்த 'மாரோவிண்ட்' அப்படியில்லை. அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி திரையில் கிடையாது. பாலத்தைத் தாண்டு, பாதை பிரியும், அங்கே இடது பக்கம் திரும்பு என்று ஆட்களே வாயால் சொல்வார்கள், அது குறிப்பேட்டிலும் பதிவாகிவிடும். ஆக, மினிமேப்பை அணைப்பது விளையாடுகிறவர் கையில் மட்டும் இல்லை. அது இல்லாமலும் விளையாட முடிகிற மாதிரி கேமைக் கட்டியிருக்க வேண்டும்.

அப்படிக் கட்டியவற்றில் எனக்கு நெருக்கமானது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. 2018இல் வந்தது, கதை நடப்பது 1899இல். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்காக வாங்கினால் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கும், அவ்வளவு பெரியது. அதில் மினிமேப்புக்கு ரேடார் என்று பெயர். அதைத் திசைகாட்டியாக மட்டும் சுருக்கலாம், அடியோடு எடுத்தும் விடலாம். நான் எடுத்துவிட்டேன்.

முதல் சில நாள் திண்டாட்டம்தான். கதாநாயகன் ஆர்தர் மார்கனின் கும்பல் ஆற்றுக்கு மேலே ஒரு மலை விளிம்பில் முகாம் போட்டிருக்கும். அங்கிருந்து வாலன்டைன் என்ற சேற்று ஊருக்குப் போவதற்கே எங்கெங்கோ சுற்றினேன். அப்புறம் மெல்லப் பிடிபட்டது. சாலை பிரியும் இடத்தில் கைகாட்டிப் பலகை இருக்கிறது. இத்தனை நாள் அதில் எழுத்து இருப்பதையே பார்த்ததில்லை. வாலன்டைனில் ரயில் நிலையம் உண்டு, எனவே தண்டவாளம் கண்ணில் பட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சூரியன் கிழக்கேதான் உதிக்கிறது, காலையில் கிளம்பினால் திசை குழம்பாது. ஊரை நெருங்கினால் பட்டியில் ஆட்டு மந்தை, தெருவெல்லாம் சேறு. சில ராத்திரிகள் போனதும் அந்தப் பகுதி எனக்கு நிஜமாகவே நடந்து பழகிய இடம் மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு முகாமிலிருந்து ஊருக்கு வழி சொல்வேன்.

ஒரு தடவை அப்படிப் போகும்போது எங்கேயோ ஒரு ஆள் அலறுகிற சத்தம். ரேடார் இருந்திருந்தால் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்திருக்கும், நேரே போய் நின்றிருப்பேன். இப்போது குதிரையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இடது காதிலா வலது காதிலா என்று ஹெட்போனை அழுத்திப் பிடித்துத் தேடினேன். பாம்பு கடித்த ஒருவன் சாலையோரம் உட்கார்ந்திருந்தான். விஷத்தை உறிஞ்சி எடுக்கச் சொன்னான், எடுத்தாயிற்று. பிறகு ஒரு நாள் வாலன்டைன் துப்பாக்கிக் கடை வாசலில் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறான். என்னை அடையாளம் கண்டு, உள்ளே போய் எது வேண்டுமோ எடுத்துக்கொள், என் கணக்கில் என்கிறான். அக்கா பையனும் இந்தக் காட்சியைப் பார்த்தவன்தான். அவனுக்கு இலவசமாகக் கிடைத்த துப்பாக்கி நினைவிருக்கிறது, கடித்த இடம் காலா கையா என்பது நினைவில்லை. (கால்.)

ஆனால் இதே கேம், மிஷன் தொடங்கிவிட்டால் ஆளே மாறிவிடுகிறது. கூட வருபவர்களை விட்டு நாலடி விலகினால் "திரும்பி வா" என்று எச்சரிக்கை. இன்னும் விலகினால் மிஷன் தோல்வி. வீட்டின் பின்பக்கமாகப் போய்ப் பார்க்கலாமே என்று நினைத்தால் நடக்காது, அவர்கள் சொன்ன பாதை, அவர்கள் சொன்ன மூலை. வெளியே அத்தனை சுதந்திரம் கொடுத்தவர்கள், கதைக்குள் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். மிஷனுக்குள் ரேடாரும் இல்லையென்றால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதே தெரியாது. அதனால் மிஷனில் மட்டும் போட்டுக்கொள்வேன், முடிந்ததும் அணைப்பேன். கட்டைவிரலுக்கு அது பழகிவிட்டது.

'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. 2020இல் வந்தது. 1274இல் மங்கோலியர்கள் சுஷிமா தீவின் மேல் படையெடுத்ததை வைத்துப் பின்னிய கதை. அதில் நான் அணைப்பதற்கு மினிமேப்பே இல்லை. கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை மேல்நோக்கித் தள்ளினால் காற்று வீசும். போக வேண்டிய திசையில் புல் சாயும், இலை பறக்கும். அவ்வளவுதான் வழிகாட்டி. மஞ்சள் பறவை ஒன்று குறுக்கே பறந்தால் அதன் பின்னால் போகலாம், ஏதோ ஒரு இடத்தில் கொண்டுபோய் விடும். நரியைப் பார்த்தால் அதுவும் அப்படியே. அக்கா பையன் முறைத்துக்கொண்டே தொடங்கினான், ஒரு மணி நேரத்தில் மினிமேப் பேச்சையே எடுக்கவில்லை. "இது வேற சித்தி, இது டிசைன்" என்றான். நானும் அதைத்தானப்பா இத்தனை நாளாகச் சொல்கிறேன்.

'எல்டன் ரிங்'கும் (2022) இப்படித்தான். மினிமேப் கிடையாது, முழு மேப்பும் துண்டு துண்டாகத் தேடி எடுத்தால்தான் துலங்கும். ஆனால் பொன்னிறத்தில் ஒளிரும் அந்த மாபெரும் மரம் ஏறக்குறைய எங்கிருந்தும் தெரியும். அதை வைத்தே திசை பிடித்துவிடலாம். வழி தெரியாவிட்டால் ஆட்கள் கேமை மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு இது ஒரு பதில், முதல் வருடத்திலேயே 2 கோடிக்கு மேல் விற்றது. 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) செய்தவர்கள் ஜப்பானில் ஒரு கருத்தரங்கில் இதன் சூட்சுமத்தை விளக்கியிருக்கிறார்கள். நிலத்தை முக்கோணம் முக்கோணமாக, மலையும் மேடுமாக அமைத்தார்களாம். முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும், சுற்றிப் போகலாமா ஏறிப் போகலாமா என்று நம்மை யோசிக்க வைக்கும், நகர நகர மறைத்ததைக் காட்டும். அதைப் படித்த பிறகு எந்த கேமில் மலையைப் பார்த்தாலும் இதன் பின்னால் என்ன ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றே மனசு போகிறது. கொஞ்சம் ரசனை கெட்டதும் உண்மை.

மஞ்சள் பெயின்ட் விவகாரம் இதற்குப் பங்காளி. ஏறக்கூடிய பாறை, உடைக்கக்கூடிய பெட்டி எல்லாவற்றுக்கும் மஞ்சள் அடித்துவைப்பது. 2023இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' ரீமேக்கில் மஞ்சள் பூசிய பெட்டிகள், 2024இல் 'ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்' டெமோவில் மஞ்சள் பூசிய பாறைகள். இணையமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் திட்டுகிற கோஷ்டியில்தான் இருந்தேன். ஆனாலும் காரணம் புரிகிறது. 1996இல் வந்த முதல் 'டூம் ரெய்டர்' கட்டம் கட்டமாக அடுக்கிய உலகம். எத்தனை கட்டம் தாண்ட முடியும் என்று எண்ணியே சொல்லிவிடலாம். இப்போது ஒரு பாறையில் ஆயிரம் விளிம்பு, எல்லாமே நிஜப் பாறை மாதிரி. அதில் பத்துதான் பிடிமானம், மீதி வெறும் அலங்காரம் என்றால் யாருக்குத் தெரியும்? படம் அழகாக அழகாக, கை வைக்கக்கூடிய இடம் எது என்று தெரியாமல் போகிறது. பணத்தைக் கொட்டி உண்டாக்கிய பிரச்சினையை ஒரு டப்பா பெயின்டால் மூடுகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னாலும், வழிகாட்டியே கூடாது என்று பேசுகிற ஆட்களோடு நான் சேரவில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'வில் 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருக்கின்றன. பார்வை குறைந்தவர்களுக்குப் பின்னணியைச் சாம்பலாக்கி ஆட்களை மட்டும் பளிச்சென்று காட்டும் வசதி, ஒரு பொத்தானை அழுத்தினால் போக வேண்டிய பக்கம் திரும்பிக்கொள்ளும் கேமரா. கண் எரிகிற ராத்திரிகளில் நானே அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். எனக்கு வேண்டியது சுவிட்ச். வேண்டும் என்கிறவர் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாம் என்கிறவர் அணைத்தாலும் கேம் நொண்டக் கூடாது. 21 கோடி டாலர் கணக்கில் இது எந்த மூலைக்கு?

விதிவிலக்கு, ஸ்பைடர்மேன் கேம்கள். அங்கே மேப்பை வைத்தே விளையாடுகிறேன். 2023இல் வந்த இரண்டாவது பாகத்தில் மேப்பில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்தால் கண் சிமிட்டும் நேரத்தில் அங்கே போய்விடலாம். நான் போக மாட்டேன், கட்டடத்துக்குக் கட்டடம் தொங்கிக்கொண்டு போவதுதானே அந்த கேமே. ஆனால் அந்த வேகத்தில் போகும்போது தெருப் பலகையைப் படிப்பதாவது.

இப்போது கையில் இருப்பது 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி', 2018. தொடக்கத்திலேயே கேட்கிறது, வழிகாட்டி வேண்டுமா, நீயே தேடுகிறாயா என்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் இன்ன நாட்டில், இன்ன கோயிலுக்குத் தெற்கே என்று குறிப்பு மட்டும் கிடைக்கும். அக்கா பையன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். நான் குதிரை ஓட்டுகிறேன், அவன் குறிப்பைப் படித்து வழி சொல்கிறான். கிட்டே போனதும் இகாரோஸ் என்ற கழுகைப் பறக்கவிட்டுத் தேட வேண்டும், அது கண்டுபிடித்துக் குறி போட்டுவிடும். நேற்று கழுகைப் பறக்கவிட்டபடியே கேட்டான், "இது மட்டும் மினிமேப் இல்லையா சித்தி? றெக்கை வச்ச மினிமேப்தானே?" பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை கன்ட்ரோலரை அவனிடம் கொடுப்பதாக இல்லை.