கிட்டாருக்கு எந்த கம்ப்ரஸர் பெடல்?

ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்தால் வித்தியாசம் அந்த நொடியே தெரியும். ஓங்கிய ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் அப்படியில்லை, சரியாக வைத்திருந்தால், அணைக்கும்போதுதான் அது வேலை செய்துகொண்டிருந்ததே புரியும். கடையில் பலர் ஏமாறுவதும் இதனால்தான். லெவல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், "ஆகா, அருமை" என்று காது சொல்லிவிடும். ஆகவே எந்தப் பெடலைச் சோதித்தாலும் ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக வரும்படி லெவலை முதலில் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு எளிது. ரேஷியோ 4:1 என்றால், த்ரெஷோல்டுக்கு (அமுக்கம் தொடங்கும் அளவுக்கு) மேலே 12 டெசிபல் போகும் ஒலி 3 டெசிபல்தான் மேலே போகும். குறைந்த அந்த 9 டெசிபலை லெவல் நாபில் திருப்பி ஏற்றுகிறோம். அப்போது மெல்லிய ஒலிகளும் 9 டெசிபல் ஏறும்: சஸ்டெயினும் (சுரம் நீண்டு ஒலிப்பது) ஏறும், சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) ஹம்மும் ஏறும். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

வகைகளில் முதலில் வருவது எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப். 1970களின் டிசைன், உள்ளே சிஏ3080 சிப், வெளியே அவுட்புட், சென்சிடிவிட்டி என்று இரண்டே நாப். ராஸ் கம்ப்ரஸரும், கீலி முதலில் செய்த பெடலும் இதே பரம்பரைதான். பிக் படும் அந்த 'டக்' ஒலியை நன்றாக அமுக்கும். கன்ட்ரி, ஃபங்க் வாசிப்பவர்கள் தேடுவது அதைத்தான். ஆனால் அந்தச் சிப் அதிக சிக்னலைத் தாங்காது. சிக்னல் பலமாக வரும் ஹம்பக்கர் பிக்கப்பைக் கொடுத்தால் ஒலியின் ஓரம் கரகரக்கும்.

ஆப்டிகல் வகையில் ஒரு விளக்கும், வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் செல்லும் இருக்கும். அந்தச் செல் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் அமுக்கம் மென்மையாகத் தெரியும். ஆர்பெஜியோவுக்கும் நீண்ட சுரங்களுக்கும் இது அருமை, வேகமான ஸ்ட்ரம்மிங்குக்கு அவ்வளவு இல்லை. எஃப்இடி என்ற டிரான்சிஸ்டரால் அமுக்கும் வகைக்கு மூதாதை 1967இல் வந்த 1176 என்ற ஸ்டூடியோ யூனிட். அதன் அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 மைக்ரோசெகண்ட் வரை இறங்கும். ஒரிஜின் எஃபெக்ட்ஸின் காலி76 அதைப் பெடலாக்கியது; விலையும் அதற்கேற்றபடிதான்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கீழ் ஈ கம்பியை ஓங்கி அடித்து, உடனே மேல் ஈ கம்பியை மெதுவாக மீட்டுங்கள். இரண்டாவது சுரம் முதலில் அமுங்கி, பிறகு மெல்ல எழுந்தால், ரிலீஸ் (அமுக்கம் விலக எடுக்கும் நேரம்) நீளம். 100 பிபிஎம் வேகத்தில் ஒரு பதினாறாம் ஸ்ட்ரோக்குக்கு (கால் பீட்டுக்கு) கிடைப்பது 150 மில்லிசெகண்ட்; ரிலீஸ் அதைவிடத் தாமதமானால் அடுத்த ஸ்ட்ரோக் அமுங்கியே கேட்கும். அடுத்து ஒரு கார்டை அடித்து, முழுதாகத் தேயும்வரை கையை அசைக்காமல் கேளுங்கள். கடைசியில் 'உஸ்' என்று எழும் இரைச்சல்தான் வீட்டிலும் உங்களோடு வரப்போகிறது. பாஸ் சிஎஸ்-3இல் டோன் நாபைத் திருகினால் பளபளப்போடு அந்த இரைச்சலும் கூடும்.

அட்டாக் நாப் எந்தப் பக்கம் திருகினால் வேகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1176இல் வலக்கோடிதான் அதிவேகம். எல்லாப் பெடலும் அப்படியில்லை.

ஒரே ஒரு கம்ப்ரஸர்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பிளெண்ட் நாப் உள்ளதையே எடுங்கள் என்பேன். வாம்ப்ளர் ஈகோ, ஸோட்டிக் எஸ்பி இரண்டிலும் இருக்கிறது. அமுக்கிய ஒலியோடு பாதி அசல் ஒலியைக் கலந்தால் பிக்கின் உயிர் போகாது, சஸ்டெயினும் கிடைக்கும்.

பெடல்களை வரிசையாக அடுக்கும் போர்டில் கம்ப்ரஸருக்கு இடம் ஓவர்டிரைவுக்கு முன்னால். பின்னால் வைத்தால், வாசிக்காத இடைவெளிகளில் டிரைவின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். ஃபஸ் ஃபேஸ் போன்ற ஃபஸ்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு: அது கிட்டாரின் பிக்கப்பை நேராகப் பார்க்க வேண்டும், அதனால் கம்ப்ரஸர் அதற்கு அடுத்து. வால்யூம் பெடலும் கம்ப்ரஸருக்குப் பின்னால்தான். முன்னால் வைத்தால் நீங்கள் குறைப்பதை அது ஏற்றிக்கொண்டே இருக்கும்.

முழுநேரமும் ஹை கெய்னில் வாசிப்பவருக்கு இதில் எதுவும் தேவையில்லை. டிஸ்டார்ஷனே போதுமான அளவு அமுக்கிவிடும். மேலே கம்ப்ரஸரையும் சேர்த்தால் மிஞ்சுவது ஃபீட்பேக்கும் இரைச்சலும்தான்.