தரையை விடாத கால்கள்

"அம்மா, காலைத் தூக்கி மேல வைம்மா!"

இன்று காலை பள்ளி மைதானத்தில் ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தபோதும் அவருடைய கால்கள் இருபுறமும் தரையை உரசியபடியே வந்தன. செருப்பு முனைகள் மண்ணில் இரண்டு நீண்ட கோடுகளைக் கிழித்திருந்தன.

மகள் எத்தனை முறை சொல்லியும், உறுதியான தரையை விட்டுவிட அந்தக் கால்களுக்கு மனம் வரவில்லை.

எனக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது.

1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள்கள் போதாதபோது, கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

கேலி பேசிய ஆண்களும் இருந்தார்கள்.

துணிச்சல் வரட்டும் என்று அந்தப் பெண்கள் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பேருந்தை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் போய்வர வேண்டும் என்ற தேவைதான் அவர்களை ஏற்றிவிட்டிருக்கும். ஆயினும் ஏறுவதற்குக் கையில் ஒரு சைக்கிள் வேண்டும். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அதை வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழி செய்ததை, அந்தப் பெண்களின் துணிவுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.